பழைய எம்பிஎஃப்ஐ காரில் ஐடிலிங் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

எங்கள் வீட்டில் இருப்பது 2004 மாருதி 800. சித்தப்பா மகனிடம் ஒரு சான்ட்ரோ, மாமாவிடம் ஒரு எஸ்டீம், எதிர்வீட்டில் ஒரு ஜென். இந்த நான்கிலும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் ஓட்டம்) கெட்டு, நான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஓடும் பழைய எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் எதற்கும் பெரும்பாலும் பொருந்தும். கேபிளுக்குப் பதில் சென்சாரும் மோட்டாரும் உள்ள புதிய வண்டிகளுக்குப் பொருந்தாது.

ஐடிலிங் கெட்டால் பட்டறையில் முதலில் மாற்றச் சொல்வது, ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐஏசி வால்வைத்தான். அதற்குச் சில ஆயிரம் ஆகும். அதிலும் சரியாகவில்லை என்றால் ஒரு சென்சார், அப்புறம் ‘ஈசிஎம் போயிருக்கும்’, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் காரணமாக இருந்தவை அழுக்கு, வெடித்த ரப்பர் டியூப், தேய்ந்த பிளக், எலி கடித்த ஒயர். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையிலிருந்து தொடங்குகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில், கேபிள் இழுக்கும் தட்டு வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகாதீர்கள், திருகவும் விடாதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்கை ஸ்க்ரூவில் வைப்பது சரியான வேலை. இங்கே அது கம்பெனியில் வைத்து விட்ட அளவு. அதைத் திருகினால் த்ராட்டில் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று ஈசிஎம் குழம்பும். இரண்டு நாள் நன்றாக ஓடும். அதற்குப் பிறகு உண்மையான கோளாறும் இந்தக் கோளாறும் கலந்து, எது எது என்று பிரிக்கவே முடியாது.

சரியான ஐடிலிங் எவ்வளவு? இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைந்திருக்கும்போது 800 முதல் 900 ஆர்பிஎம் வரை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200 முதல் 1,500 வரை போய், சில நிமிடத்தில் தானாக இறங்கும். உங்கள் வண்டிக்கான துல்லியமான எண் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். எங்கள் 800-இல் ஆர்பிஎம் முள்ளே கிடையாது, காதுதான் மீட்டர். வண்டி நன்றாக இருக்கும் நாளில் அந்தச் சத்தத்தை ஒருமுறை போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு: நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும், கையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் விலகியே இருக்கட்டும். பெட்ரோல் வாடை வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அங்கேயே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 1: சிக்னலில் காலை எடுத்ததும் ஆஃப் ஆகிறது

சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. கிளட்ச்சை மிதித்து வேகம் குறைந்ததும் அணைந்துவிடும். நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்.

### முதலில் த்ராட்டில் பாடி

ஏர் ஃபில்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் அணைந்த நிலையில், டார்ச் அடித்துப் பாருங்கள். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கறுப்பாக, பிசுக்காக ஒரு வளையம் படிந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஐடிலிங்கில் காற்று போவது அந்த மயிரிழை இடைவெளியிலும் பக்கத்திலுள்ள சிறு துளையிலும்தான். இரண்டும் அடைபட்டால் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும்.

த்ராட்டில் பாடி கிளீனர் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா கிடைக்கும். பனியன் துணியில் அடித்து, தட்டின் இரண்டு பக்கமும் ஓரமும் துடையுங்கள். பின்பக்கம் துடைக்க இன்னொருவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்கட்டும், விரலால் தட்டைத் தள்ள வேண்டாம். டப்பாவை நேராக உள்ளே வெள்ளமாக அடிக்காதீர்கள். த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் அந்தத் திரவம் இறங்கினால் அதையும் மாற்ற வேண்டி வரும். ஸ்க்ரூ டிரைவர், பிளேடு, உப்புத்தாள் எதுவும் உள்ளே போகக்கூடாது.

துடைத்த பிறகு ஐடிலிங் 1,500-க்கு மேல் நின்றால் பயப்பட வேண்டாம். அழுக்கை ஈடுகட்ட ஈசிஎம் வால்வை அதிகம் திறந்து பழகியிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓட விடுங்கள். அப்புறம் ஏசி போட்டு ஐந்து நிமிடம். பெரும்பாலான வண்டி இதிலேயே தன் அளவைக் கற்றுக்கொள்ளும்.

### துடைத்தும் தீரவில்லை என்றால்

அடுத்தது ஐஏசி வால்வு. த்ராட்டில் பாடியின் பக்கத்தில் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டு அணைத்துப் பாருங்கள். சத்தத்தில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால் வால்வு உயிரோடு இருக்கிறது, அழுக்குதான் பிடித்திருக்கும். கழற்றி, ஊசி முனையையும் அது உட்காரும் குழியையும் துடைத்து, ஓ-ரிங்கைப் பார்த்து மாட்டலாம். முனையைக் கையால் உள்ளே அழுத்தவோ வெளியே இழுக்கவோ கூடாது, உள்ளே பல் உடைந்துவிடும். எந்தச் சுமை கொடுத்தாலும் துளி அசைவு இல்லை, கனெக்டருக்கு மின்சாரமும் சரியாக வருகிறது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சொன்ன பிறகே புது வால்வு வாங்குங்கள்.

## அறிகுறி 2: ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது

‘வ்ரூம்… வ்ரூம்…’ என்று யாரோ உள்ளிருந்து மிதிப்பதுபோல் ஏறி இறங்கினால், எங்கோ இன்ஜின் கணக்கில் வராத காற்றை இழுக்கிறது. பட்டறைப் பேச்சில் ஏர் லீக்.

இதைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும், பணம் வேண்டாம். எங்கள் 800-க்கு இந்தக் கோளாறு வந்தபோது ஒரு பட்டறையில் ஐஏசி வால்வை மாற்றினார்கள், தீரவில்லை. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மாற்றினார்கள், தீரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே குனிந்து ஒவ்வொரு டியூபாக வளைத்துப் பார்த்தேன். பிசிவி வால்வுக்கு (இன்ஜினுக்குள் சேரும் புகையை மறுபடி உள்ளிழுக்க விடும் வால்வு) போகும் டியூப், வளைவின் அடிப்பக்கத்தில் அரை அங்குலம் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. நூறு ரூபாய்கூட ஆகாத ரப்பருக்காக இரண்டு நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றியிருந்தோம்.

### காதும் கையும்

இன்ஜின் அணைந்திருக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு டியூபையும் விரலால் பிடித்து வளையுங்கள். பிசிவி டியூப், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த டியூப், மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய டியூப், பெட்ரோல் ஆவியை இழுக்கும் கேனிஸ்டர் டியூப். இருபது வருட ரப்பர் ஒன்று கல்லாக இறுகியிருக்கும், இல்லை எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள். முனை தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி செருகி கிளாம்ப் போட்டாலே போதும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு டியூபையும் துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் அமைதியாகிறதோ, கசிவு அதில் அல்லது அது போய்ச் சேரும் பாகத்தில்.

### தண்ணீர்ச் சோதனை

பலர் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடித்து ஏர் லீக் தேடுவார்கள். சூடான சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கும், தீப்பிடிக்கும். தயவு செய்து வேண்டாம். பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் கேஸ்கட் ஓரம், இன்ஜெக்டர்கள் உட்காரும் இடம், த்ராட்டில் பாடியின் அடிக் கேஸ்கட் என்று ஒவ்வோர் இடமாகச் சிறிது அடியுங்கள். ஓட்டையைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும்போது சத்தம் மாறும். பிளக் ஒயர், காயில் பக்கம் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

எல்பிஜி கிட் பொருத்திய வண்டியா? அப்படியென்றால் முதலில் த்ராட்டில் பாடியோடு சேர்த்துப் பொருத்திய மிக்ஸர் வளையத்தின் இணைப்புகளைப் பாருங்கள். அங்கே காற்று கசிவது வெகு சாதாரணம். காற்றுக் கசிவை மட்டும்தான் நீங்கள் தொடலாம். எரிவாயு வரும் குழாயை கிட் வேலை தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும்.

### பிரேக் மிதித்தால் ஐடிலிங் மாறுகிறது என்றால்

இங்கே நின்றுவிடுங்கள். இன்ஜினை அணைத்து, பிரேக்கை நான்கைந்து முறை அழுத்தி, கடைசியாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்று இறங்க வேண்டும். இறங்காமல் கல்லாக நின்றாலோ, மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்து ஐடிலிங் ஆடினாலோ பூஸ்டர் அல்லது அதன் டியூப் போய்விட்டது. இது பிரேக் விஷயம். அன்றே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

## அறிகுறி 3: ஐடிலிங் இறங்கவே இல்லை

காலை எடுத்தும் வண்டி ரேஸிலேயே நிற்கிறது. முதலில் மிதியடி பெடலில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், இது நான் நேரில் கண்டது. அடுத்து ஆக்ஸிலேட்டர் கேபிள்: த்ராட்டில் அருகே விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். வீணைத் தந்திபோல் விறைத்திருந்தால் நட்டைத் தளர்த்துங்கள். கேபிள் உள்ளே துருப்பிடித்து இழுத்த இடத்திலேயே நின்றால் மாற்றுங்கள், விலை குறைவு.

மூன்றாவது பலருக்குத் தோன்றாதது: கூலன்ட் அளவு. பல பழைய வண்டிகளில் இன்ஜின் சூட்டை வைத்துத்தான் ஐடிலிங் குறையும். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு ரேஸில் நிற்கும். ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் ஊற்றி இரண்டு வாரத்தில் மறுபடி குறைந்தால் வேறு கோளாறு, அதை அறிகுறி 4-இன் கடைசியில் சொல்கிறேன்.

இதெல்லாம் சரி என்றால் த்ராட்டில் பொசிஷன் சென்சார். மல்டிமீட்டர் பழக்கம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் ஒயரில் ஏறக்குறைய அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். மெதுவாகத் திறக்கும்போது எண் தடையில்லாமல் ஏற வேண்டும். நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்துவிட்டது.

## அறிகுறி 4: நின்றால் குலுங்குகிறது

இரண்டு வேறு கோளாறுகள் இந்த ஒரே பெயரில் வரும். பானெட்டைத் திறந்து வைத்து, சைலன்சர் முனையில் சத்தத்தைக் கேளுங்கள்.

### சத்தம் சீராக இருக்கிறது, ஸ்டீயரிங் மட்டும் நடுங்குகிறது

ஐடிலிங்கில் குறையில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துவிட்டது. ரிவர்ஸ் கியரில் கிளட்ச்சை விடும்போது இன்ஜின் ‘டொம்’ என்று ஆடினால் உறுதி. இதற்காகச் சென்சார் மாற்றியவர்களை நான் அறிவேன்.

### சத்தத்தில் இடையிடையே ‘டப்’ என்று ஒன்று விழுகிறது

மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. மூன்று சிலிண்டர் 800-இல் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் வண்டியே உதறும்.

பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரில் எது என்று வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் ஈரமாகக் கறுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரைத்தான் தேட வேண்டும். தேய்ந்திருந்தால் மொத்தமாக மாற்றுங்கள், இடைவெளி கையேட்டில் சொன்ன அளவு.

பிளக் ஒயருக்கு இருட்டுதான் மீட்டர். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் இன்ஜினைப் பாருங்கள். ஒயரில் நீல நிறப் பொறி ஓடினால் உறை வெடித்திருக்கிறது. மழையிலும் வாட்டர் வாஷுக்குப் பிறகும் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் அநேகமாக இதுதான்.

அப்புறம் எலி. ராத்திரி சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து, இன்ஜெக்டர் ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் மூன்று கார்களுக்கு நடந்தது. இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, பின்பக்க ஒயரை நெடுக விரலால் தடவிப் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒன்றொன்றாகக் கழற்றி மாட்டலாம். எதைக் கழற்றும்போது சத்தம் இன்னும் மோசமாகவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயிலும் கெடும். அந்த இன்ஜெக்டரின் மேல் நீண்ட ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயர் அல்லது இன்ஜெக்டர். கேட்கிறது, பிளக்கும் நல்லது என்றால் இன்ஜெக்டர் அடைப்பாக இருக்கலாம். அதைக் கழற்றி மெஷினில் வைத்துச் சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்புவது உங்கள் வேலையல்ல. லைனில் பெட்ரோல் அழுத்தத்தோடு இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அதே சிலிண்டர் அடம்பிடித்தால் மெக்கானிக்கிடம், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள். வால்வு இடைவெளி, வால்வு எரிந்தது, டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியது என்று அதற்கு மேல் வருபவை எல்லாம் செலவுள்ளவை. கம்ப்ரெஷன் எண்ணைப் பார்க்காமல் அவற்றில் எதையும் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் முதல் சில நிமிடம் மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ், பின்னால் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைவு, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு திரியக்கூடாது.

## அறிகுறி 5: காலையில் மட்டும் தகராறு, அல்லது சூடாகியும் பெட்ரோல் குடிக்கிறது

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு இருக்கும். ஒன்று டேஷ்போர்டு முள்ளுக்கு, மற்றது ஈசிஎம்முக்கு. முள்ளுக்கானதை மாற்றிவிட்டுச் சரியாகவில்லையே என்று வருவார்கள். ஈசிஎம்முக்கானதைக் கழற்றாமலே கனெக்டரை எடுத்து மீட்டரில் ஓம் பாருங்கள். நம் ஊர்க் காலைச் சூட்டில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சுமார் 1,500 முதல் 2,000 ஓம் வரை. நன்றாகச் சூடானதும் 300 ஓம் பக்கம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் சென்சார் போய்விட்டது, அல்லது இன்ஜின் உண்மையிலேயே சூடாகவில்லை.

இரண்டாவது எப்படி நடக்கும்? இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். ‘நம்ம வெயிலுக்கு இது தேவையே இல்லை’ என்று சொல்லும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. கார்புரேட்டரில் அது தப்பித்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசிஎம் சூடேறும் நிலையிலேயே மாட்டிக்கொண்டு, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றி, பிளக்கைக் கறுப்பாக்கி, கடைசியில் ஐடிலிங்கையும் கெடுக்கும். மாமாவின் எஸ்டீமில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. சில நூறு ரூபாய்த் தெர்மோஸ்டாட்டை மாட்டியதும் எல்லாம் அடங்கியது.

## அறிகுறி 6: ஏசி போட்டால் விழுகிறது

ஏசி போடும்போது ஐடிலிங் ஒரு நொடி இறங்கிச் சற்று மேலே ஏற வேண்டும். இறங்கியதோடு நின்றால் அறிகுறி 1-இல் சொன்ன சுத்தம் செய்யும் வேலையை முதலில் முடியுங்கள். அதிலேயே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பூப்பூத்திருந்தால் சுடுநீர் ஊற்றித் துலக்கி இறுக்குங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். இதுவும் சரி, ஆனால் ஏசி போட்டதும் இன்ஜினே அழுந்துகிறது, பெல்ட் கீச்சிடுகிறது என்றால் கம்ப்ரெஸர் இறுகுகிறது. அது ஏசி மெக்கானிக்கின் வேலை.

பவர் ஸ்டீயரிங் ஆயிலில் ஓடும் வண்டியில், திருப்பும்போது மட்டும் ஆஃப் ஆனால் ஆயில் அளவையும் பம்ப் அருகே உள்ள பிரஷர் சுவிட்சின் ஒயரையும் பாருங்கள்.

## அறிகுறி 7: வெயிலில் நிறுத்தி எடுத்தால், அல்லது பெட்ரோல் போட்டதும் கெடுகிறது

டேங்கை நிரப்பிய அடுத்த சில நிமிடம் மட்டும் திணறினால், கேனிஸ்டர் வால்வு திறந்தபடியே நிற்கிறது. மேனிஃபோல்டுக்குப் போகும் அதன் டியூபை நசுக்கிப் பாருங்கள், ஐடிலிங் சரியானால் உறுதி.

சூட்டோடு அணைத்து, அரைமணி கழித்து எடுத்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடித்து, கறுப்புப் புகையோடு ஆடி ஆடி ஓடுகிறதா? இன்ஜெக்டர் சொட்டலாம், அல்லது பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டர் குழாயிலேயே ரெகுலேட்டர் உள்ள வண்டிகளில், ஆறிய பின் அதன் மெல்லிய வேக்கம் டியூபைக் கழற்றி முகருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் முடிந்தது. இதற்கு மேல் பெட்ரோல் லைனில் கை வைக்க வேண்டாம்.

இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டேங்கிலிருந்து வரும் பழைய பெட்ரோல் ஹோஸ்களைத் தடவிப் பார்க்கச் சொல்லி, இளகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஐடிலிங் பற்றியே யோசிக்க வேண்டும்.

## மெக்கானிக்கிடம் போகும்போது

ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். ஆனால் அதில் வரும் பெயரில் உள்ள பாகத்தை அப்படியே மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘மேப் சென்சார்’ என்று வந்தால் அதற்குப் போகும் டியூபும் கனெக்டரும் முதலில். இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்றும் ஆகிவிடாது. கிழிந்த டியூபுக்கு இந்த வண்டிகளில் பெரும்பாலும் விளக்கு எரியாது.

கொண்டுபோகும் நேரமும் முக்கியம். காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகி அறிகுறி மறைந்துவிடும். என்னென்ன பார்த்தீர்கள், எது சரியாக இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெட்ரோல் பிரஷர் பார்த்தால் எத்தனை, கம்ப்ரெஷன் பார்த்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை என்று எண்ணாகவே கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வாங்கி வாருங்கள். எங்கள் 800-இன் அந்தப் பழைய ஐஏசி வால்வைத் துடைத்து மறுபடி மாட்டினேன், இப்போதும் அதில்தான் ஓடுகிறது.